பாரிசில் படித்த சவேரியார்

சவேரியார் பெயரால் எழுந்த கோவில்கள் நம்மிடையே பல. கரையோரப் பங்குகளில் அவர் பெயரைத் தாங்கிய ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது. சுருபங்களில் நாம் காணும் சவேரியார் ஒரு கையில் பாடுபட்ட சுருபத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார்; இல்லையேல் முழந்தாளிட்ட ஒருவரின் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் ஆண்டுகளைக் கணக்குப் பார்த்தால் ஒரு விஷயம் வியப்பைத் தரும். 1542 மே 6ஆம் திகதி கோவாவில் கரையிறங்கியது முதல் 1552 டிசெம்பர் 3ஆம் திகதி சீனக் கரையோரத்துச் சான்சியன் தீவில் உயிர்விட்டது வரை, கீழைத்தேசங்களில் அவர் உழைத்த காலம் பத்தரை ஆண்டுகள் மாத்திரமே. அதற்குமுன் பாரிஸ் மாநகரில் மாணவராகவும் பின் இளம் ஆசிரியராகவும் அவர் கழித்த காலமோ 11 ஆண்டுகள். நம்மிடம் வந்த சவேரியார் அந்தப் பதினொரு ஆண்டுகளில் உருவானவர்.

பிள்ளையை அந்நிய நாட்டுக்குப் படிக்க அனுப்பிய பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. படிப்பு எப்படி, சாப்பாடு எப்படி, அறையில் கூட இருப்பவர் யார், ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறாய்? முதலிரண்டுக்கும் பதில் எளிதில் வந்துவிடும். பின்னிரண்டும் அப்படியல்ல. சவேரியாரின் பாரிஸ் வாழ்வும் அந்தப் பின்னிரண்டு கேள்விகளையே சுற்றி நின்றது. அவர் பெற்ற பட்டங்களைச் சரித்திர நூல்கள் சொல்லும். அவர் திருநாட்களை எப்படிக் கழித்தார், எந்தப் பாதைகளில் யாருடன் நடந்தார் என்பதையே இங்கு பார்க்க விரும்புகிறோம்.

அவர் 1506 ஏப்பிரல் 7ஆம் திகதி, பிரினீஸ் மலையடிவாரத்து நவார் இராச்சியத்தில், சவேரியார் கோட்டையிற் பிறந்தார். கோட்டையின் பெயரே பிற்காலத்தில் அவருக்கும் பெயராயிற்று. தகப்பனார் இத்தாலியில் பொலோஞ்ஞா நகரிற் சட்டம் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்று, நவார் மன்னனின் ஆலோசகராய் விளங்கியவர். ஆகவே பிறநாடு சென்று படிப்பது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. 1512இல் கஸ்தீலியர் நவாரைக் கைப்பற்றினர். 1515இல் தகப்பனார் மறைந்தார். அடுத்த ஆண்டில் கோட்டை மதில்களும் கோபுரங்களும் வெற்றிபெற்றோரின் கட்டளைப்படி இடிக்கப்பட்டன. சகோதரர் இருவரும் வாளெடுத்துப் போராடித் தோற்று, மன்னிப்புப் பெற்று 1524இல் வீடு திரும்பினர். 1521இல் பம்பலோனா நகரை மீட்க வந்த படையின் பக்கம் அவர்கள் நின்றபோது, எதிர்ப்பக்கத்தில் நகர்க் கோட்டையைக் காத்து நின்று காலில் குண்டடிபட்ட படைவீரர்தான் இஞ்ஞாசியார் என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்வார்களாக.

கடைக்குட்டியான பிரான்சிஸ் புத்தகத்தைத் தேர்ந்தார். அதைப் பக்தியென்று நாம் அவசரப்பட்டு எண்ண வேண்டியதில்லை. வீழ்ந்த வீட்டை மீண்டும் நிமிர்த்த நல்ல வருமானமுள்ள திருச்சபைப் பதவியொன்று உதவும். அதற்குப் பாரிஸ் பட்டம் வேண்டும். அக்காலத்துப் பிரபு குடும்பங்களின் எண்ணம் இதுதான். 1525இல், 19 வயதில், அவர் மலை கடந்து பாரிசுக்குப் போனார். பிறந்த வீட்டில் வாழ அவர் பிறகு ஒருபோதும் திரும்பவில்லை. 1529இல் தாயார் மரித்தபோதும் அவர் பாரிசிலேயே இருந்தார்.

அவர் சேர்ந்தது புனித பார்பரா கல்லூரி. எதிரே மொந்தேகு கல்லூரி. இடையில் கழிவுநீர் ஓடும் குறுந்தெரு. விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். கல்லூரிக்குள் இலத்தீனிலன்றி வேறு மொழியிற் கதைத்தல் ஆகாது. தவறுவோருக்குப் பிரம்படி. இவ்வளவு இறுக்கமான வாழ்வில் மாணவனுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தவை திருநாட்களே. பல்கலைக்கழகத்தின் பஞ்சாங்கம் முழுவதும் திருச்சபையின் பஞ்சாங்கமாகவே இருந்தது. ஒக்டோபர் முதலாம் திகதி புனித ரெமிஜியுஸ் திருநாளன்று கல்வியாண்டு தொடங்கும். நொவெம்பர் 25 மெய்யியல் மாணவரின் பாதுகாவலியான புனித கத்தரீனம்மாள் திருநாள். டிசெம்பர் 6 மாணவரின் பாதுகாவலரான புனித நிக்கொலாஸ் திருநாள். மூவிராசாக்கள் திருநாளில் அப்பத்துக்குள் ஓர் அவரை விதையை மறைத்து வைத்துச் சுட்டு, அது யார் பங்கில் வருகிறதோ அவரை அன்றைய இராசாவாக்கிக் கூத்தாடுவார்கள். ஜூன் மாதத்தில் நகருக்கு வெளியே புனித தெனிசியார் வெளியில் பெரிய சந்தை கூடும். பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய தோற்காகிதத்தை வாங்கப் பல்கலைக்கழகத் தலைவர் நேரிற் செல்வார். மாணவர் கூட்டம் குதிரைகளில், மேளங்களோடும் கொடிகளோடும் அவர் பின்னாலே புறப்படும். போகும்போது பவனியாக இருப்பது திரும்பும்போது குடியும் அடிதடியுமாய் முடிவதுண்டு. கோவில் பெருநாள் என்றால் வெளியே கடைத்தெருவும் இருக்கத்தானே செய்யும்! அது எல்லா ஊருக்கும் பொது.

பிரான்சிஸ் இந்த ஆரவாரத்துக்குப் பின்வாங்கும் பிள்ளை அல்ல. ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் கெட்டிக்காரர். விடுமுறை நாட்களில் சேன் நதித் தீவில் நடக்கும் விளையாட்டுகளில் பேர்பெற்றவர். பிரபு வீட்டுப் பிள்ளைக்குரிய உடையும் பணியாளும் வைத்திருந்தார். வீட்டிலிருந்து வரும் பணம் அதற்குப் போதவில்லை. இரவில் மதிலேறிக் குதித்து நகருக்குள் போகும் மாணவர் கூட்டமொன்றும், அவர்களை அழைத்துச் செல்லும் ஓர் ஆசிரியரும் கல்லூரியில் இருந்தனர். பிரான்சிசும் அவர்களோடு போனதுண்டு. ஆனால் அந்த ஆசிரியரின் உடலிலும் சில தோழரின் உடலிலும் தீய நோயின் புண்களைக் கண்டபோது அச்சம் அவரைத் தடுத்து நிறுத்திற்று. இதைப் பல ஆண்டுகளின் பின் மயிலாப்பூரில், தாம் தங்கியிருந்த வீட்டுப் பங்குக் குருவிடம் அவரே மனந்திறந்து சொன்னார். அர்ச்சியசிஷ்டர்கள் தொட்டிலிலேயே அர்ச்சியசிஷ்டர்களாய்ப் பிறந்தார்கள் என்று எழுதும் வழக்கம் நம் பழைய புத்தகங்களில் உண்டு. சவேரியார் தம்மைப்பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

அறைத்தோழர் பீற்றர் ஃபேபர் வேறு மாதிரி. இருவரும் 1506 ஏப்பிரலில் ஆறு நாள் இடைவெளியிற் பிறந்தவர்கள். இவர் கோட்டையிற் பிறந்தவர், அவர் சவோய் நாட்டு மலைக்கிராமத்தில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். சாந்தமான சுபாவம், கூர்மையான புத்தி. 1529இல் இவர்களோடு மூன்றாமவர் ஒருவர் வந்து சேர்ந்தார். வயது நாற்பதை அண்டியவர், நொண்டிநடை, பழைய உடை, பிச்சையெடுத்துப் படிப்பவர். அவரே இஞ்ஞாசியார். சகோதரர்களின் எதிரிப் படையில் நின்றவரோடு ஒரே அறையில் இருக்க நேர்ந்தது. ஃபேபர் விரைவில் அவருக்கு நண்பரானார். பிரான்சிசோ அவரைப் பரிகசித்தார்.

இங்கேதான் திருநாட் கேள்வி எழுந்தது. ஞாயிறுகளிலும் பெருநாட்களிலும் கல்லூரியில் மாணவருக்கான தர்க்கப் பயிற்சி நடைபெறும். இஞ்ஞாசியார் தம்மோடு சேர்ந்த மாணவரை அந்நாட்களில் நகர ஓரத்திலிருந்த கார்த்தூசியர் மடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை உட்கொண்டார்கள். வாரந்தோறும் நற்கருணை வாங்குவது அக்காலத்தில் அபூர்வம். ஆண்டுக்கொரு முறை போதும் என்றிருந்த காலம். தர்க்கத்துக்கு வரும் மாணவர் தொகை குறைந்தது. ஆசிரியர் எச்சரித்தும் பயனில்லாது போகவே, கல்லூரி அதிபரான போர்த்துக்கேயர் தியோகோ தெ கூவேயா ஒரு தண்டனை விதித்தார். கல்லூரி முழுவதும் மண்டபத்தில் கூடி நிற்க, இஞ்ஞாசியாருக்குப் பிரம்படி கொடுக்க வேண்டும். மணியும் அடிக்கப்பட்டது. இஞ்ஞாசியார் தாமே அதிபரின் அறைக்குப் போய், அடிக்குத் தாம் அஞ்சவில்லையென்றும், நற்காரியம் செய்யத் தொடங்கிய இளைஞர் இதைக் கண்டு மனமுடைவார்களே என்பதே தமது கவலையென்றும் எடுத்துரைத்தார். அதிபர் அவரைக் கையிற் பிடித்து மண்டபத்துக்கு அழைத்து வந்து, எல்லோர் முன்னும் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டதாகப் பழைய சரித்திரங்கள் சொல்கின்றன. இந்தக் கூவேயாவை நாம் மீண்டும் சந்திப்போம்.

பிரான்சிஸ் 1530இல் கலை முதுவர் பட்டம் பெற்று, போவே கல்லூரியில் அரிஸ்தோத்திலின் மெய்யியலைக் கற்பிக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டில், தாம் பிரபு குலத்தவர் என்பதற்கு அத்தாட்சிப் பத்திரம் கோரி ஊருக்கு விண்ணப்பித்தார். பம்பலோனா மேற்றிராசன ஆலயத்தில் பதவி பெற அது தேவைப்பட்டது. இந்தக் காலத்தில் இஞ்ஞாசியார் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. பணம் தட்டுப்பட்டபோது பணம் கொடுத்தார். புதிய ஆசிரியருக்கு மாணவரைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்தார். உலகம் முழுவதையும் சம்பாதித்துத் தன் ஆன்மாவை இழப்பவனுக்கு வரும் இலாபம் என்ன என்ற சுவிசேஷக் கேள்வியை அடிக்கடி நினைவூட்டினார் என்பது மரபு. 1533இல் ஃபேபர் தகப்பனாரைப் பார்க்க ஏழு மாதம் ஊருக்குப் போயிருந்தார். அறையில் இருவர் மட்டும். ஃபேபர் திரும்பியபோது பிரான்சிஸ் மாறிவிட்டிருந்தார். அந்த ஏழு மாதத்தில் நடந்த உரையாடல்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

அதே ஆண்டில் சகல அர்ச்சியசிஷ்டர் திருநாளன்று பாரிசில் பெரும் குழப்பம் உண்டாயிற்று. புதிதாகத் தெரிவுசெய்யப்பட்ட பல்கலைக்கழகத் தலைவர் நிக்கலஸ் கொப், புனித பார்பரா கல்லூரி ஆசிரியர். அவர் அன்று கோவிலில் நிகழ்த்திய உரையில் லூத்தரின் போதனை தொனித்ததென்று வழக்கெழுந்தது. கொப் நகரை விட்டு ஓடினார். அவருடைய நண்பர் கல்வீனும் ஓடினார். இந்த விவகாரம் பிரான்சிசுக்கு எங்கோ தூரத்தில் நடந்ததல்ல; அவர் வாழ்ந்த கல்லூரி முற்றத்திலே நடந்தது. புதுக் கருத்துக்களைக் கவர்ச்சியாகப் பேசிய சிலரோடு தாம் பழகியதையும், இஞ்ஞாசியாரே அதிலிருந்து தம்மை விலக்கிக் காத்ததையும் பின்னர் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒப்புக்கொள்கிறார்.

1534 வந்தது. மே 30ஆம் திகதி ஃபேபர் குருப்பட்டம் பெற்று, ஜூலை 22ஆம் திகதி புனித மதலேன் மரியாள் திருநாளன்று முதற் பூசை நிறைவேற்றினார். அடுத்து ஓகஸ்ட் 15, தேவதாயின் விண்ணேற்புத் திருநாள். நமது மக்கள் அந்நாளில் மடுப்பதியில் மரநிழலிற் குடில் போட்டு, குடும்பம் குடும்பமாய்ச் சமைத்துண்டு, அன்னையின் திருவடியில் கூடும் நாள். அன்று காலை பாரிசின் வடக்கேயுள்ள மொன்மார்த் குன்றை நோக்கி ஏழு பேர் நடந்தார்கள். வேதசாட்சிகளின் குன்று என்பது அப்பெயருக்கு மக்கள் கொண்ட பொருள். பாரிசின் முதல் ஆயரான புனித தெனிசியாரும் தோழரும் தலைவெட்டுண்ட இடம் அதுவென்பது மரபு. குன்றின் சரிவில் ஒரு சிறு சிற்றாலயம், அதன் கீழே நிலவறை. ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் மடத்துக்குச் சொந்தமானது. திறப்பை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். ஏழு பேரில் குருவானவர் ஃபேபர் ஒருவரே. அவர் பூசை செய்தார். நற்கருணை கொடுக்கும் நேரத்தில் அப்பத்தைக் கையிலேந்தி அவர்கள் பக்கம் திரும்பி நிற்க, ஒவ்வொருவரும் தம் வார்த்தைப்பாட்டை உரத்த குரலிற் சொல்லி நற்கருணை வாங்கினர். தரித்திரம், கற்பு, எருசலேம் யாத்திரை. கப்பல் கிடையாதுபோனால் பாப்பரசரிடம் தம்மை ஒப்புக்கொடுப்பது. இஞ்ஞாசியார், ஃபேபர், சவேரியார், லாயினெஸ், சல்மெரோன், பொபதில்லா, சீமோன் ரொட்ரிகஸ் ஆகிய இந்த எழுவரும் அன்று ஒரு சபையை நிறுவவில்லை. அந்த எண்ணமே அவர்களுக்கு அப்போது இருக்கவில்லை.

பூசை முடிந்து அவர்கள் உடனே நகருக்குத் திரும்பவில்லை. குன்றின் மறுபக்கத்தில் தெனிசியார் பெயரால் ஓர் ஊற்று இருந்தது. அதன் கரையில் அமர்ந்து, கொண்டுபோன அப்பத்தை உண்டு, ஊற்றுத் தண்ணீரைக் குடித்து, பொழுதுசாயும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்நாளின் மகிழ்ச்சியை ரொட்ரிகஸ் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், கிழவராய் இருந்தபோது எழுதினார். அப்போதும் அது அவர் மனதில் பசுமையாக இருந்தது. சாதாரண நாட்களிலும் இவர்கள் முறைவைத்து ஒருவர் அறைக்கு மற்றவர் போய், தத்தம் உணவைக் கொண்டுபோய்ச் சேர்ந்துண்பது வழக்கம். மொன்மார்த்தில் நடந்ததும் அத்தகைய ஒரு சாப்பாடுதான். 1535, 1536 ஆண்டுகளிலும் ஓகஸ்ட் 15இல் அதே குன்றில் வார்த்தைப்பாட்டைப் புதுப்பித்தார்கள். இஞ்ஞாசியார் அப்போது பாரிசில் இல்லை. வேறு மூவர் புதிதாய்ச் சேர்ந்திருந்தனர்.

கற்பித்தற் கடமை காரணமாகச் சவேரியார் தியான ஒடுக்கத்தை வார்த்தைப்பாட்டின் பின்னர், செப்டெம்பரில்தான் செய்தார். நான்கு நாட்கள் ஒன்றும் உண்ணவில்லை. விளையாட்டில் தாம் கொண்ட வீண்பெருமைக்குப் பரிகாரமாகக் கைகால்களைக் கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட ஒறுத்தலை நாம் யாருக்கும் சிபாரிசு செய்வதற்கில்லை. இஞ்ஞாசியாரே பிற்காலத்தில் தம் சபையாரை இவற்றில் அளவோடிருக்கப் பணித்தார்.

அடுத்த மாதமே, ஒக்டோபர் 17ஆம் திகதி இரவு, பூசையை இகழும் சுவரொட்டிகள் பாரிஸ் எங்கும் ஒட்டப்பட்டன. அரசனின் படுக்கையறைக் கதவில்கூட ஒன்று காணப்பட்டது. அதற்குப் பரிகாரமாக 1535 ஜனவரி 21ஆம் திகதி மாபெரும் நற்கருணைப் பவனி நடைபெற்றது. முதலாம் பிரான்சிஸ் மன்னன் தலைப்பாகையின்றி, எரியும் மெழுகுதிரியைக் கையிலேந்தி நடந்தான். திருமுட்கிரீடம் எடுத்துவரப்பட்டது. பாரிஸ் கண்ட மிகப் பெரிய பவனிகளில் அது ஒன்று. அன்று மாலையே பதிதர் ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவ்வாறு முடிந்த நற்கருணைப் பவனியை நாம் பெருமையோடு எழுத முடியாது. சவேரியார் அந்நாளைப் பற்றி எதையும் எழுதி வைக்கவில்லை. மார்ச் 25ஆம் திகதி, மங்கள வார்த்தைத் திருநாளன்று, அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். அதைக் கொண்டுசென்றவர் இஞ்ஞாசியாரே. உடல்நலம் குன்றி அவர் சிறு குதிரையொன்றில் சொந்த நாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். இவரைப்பற்றித் தவறாகச் சொல்லப்படுவதை நம்ப வேண்டாம், நான் அவருக்குப் பட்ட கடனை வாழ்நாளெல்லாம் தீர்க்க முடியாது என்பதே அக்கடிதத்தின் சாரம். குடும்பம் கவலைப்பட்டிருந்தது போலும்! மகன் நல்ல பதவிக்குப் போகப் போகிறான் என்று எண்ணியிருந்த வீட்டுக்கு, அவன் பிச்சைக்காரரோடு சேர்ந்துவிட்டான் என்ற செய்தி போனால் வேறு என்ன நடக்கும்? கேட்டிருந்த அத்தாட்சிப் பத்திரம் 1536 ஓகஸ்டில் பம்பலோனாவில் வழங்கப்பட்டது. அதைக்கொண்டு ஆக வேண்டியது அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

1536 நொவெம்பர் 15ஆம் திகதி ஒன்பது பேர் பாரிசை விட்டுப் புறப்பட்டார்கள். வெனிஸ் நகரில் இஞ்ஞாசியாரைச் சந்தித்து எருசலேமுக்குக் கப்பலேறுவது நோக்கம். பிரான்சு மன்னனுக்கும் ஸ்பானியாவை ஆண்ட ஐந்தாம் சார்லசுக்கும் போர் மூண்டதால், தை மாதத்துக்கு வைத்திருந்த பயணத்தை முன்தள்ளிக் குளிரிலேயே நடந்தனர். மாணவரின் நீண்ட அங்கியை இடுப்பில் மடித்துச் செருகி, கழுத்தில் செபமாலை, கையில் தடி, தோற்பையில் வேதாகமமும் கட்டளைச் செபப் புத்தகமும் குறிப்பேடுகளும். இருந்த பணத்தைப் பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வழிச்செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டனர். நாள்தோறும் மூன்று குருக்களும் பூசை செய்ய மற்றவர் நற்கருணை வாங்குவர். பிரான்சில் மழை, ஜெர்மன் நாடுகளில் பனி. படைவீரர் மறித்தால் பிரெஞ்சு பேசுவோர் முன்னே நின்று, பாரிஸ் மாணவர், புனித நிக்கொலாஸ் திருத்தலத்துக்குப் போகிறோம் என்பார்கள். ஸ்பானியர் வாய் திறவார்கள். அந்தத் தலம் லொரேன் நாட்டில் அவர்கள் போகும் வழியில் இருந்தபடியால் அது பொய்யுமல்ல. ஓரிடத்தில் படைவீரர் கேள்விமேற் கேள்வி கேட்க, பக்கத்தில் நின்ற குடியானவர் ஒருவர், இவர்கள் ஏதோ ஒரு நாட்டைத் திருத்தப் போகிறார்கள், விட்டுவிடுங்கள் என்று சொல்லி வழியனுப்பினாராம்.

பாசெல் நகரைக் கடந்தபின் மொழி தெரியாது, பனியில் பாதை தெரியாது அலைந்தார்கள். கொன்ஸ்தான்ஸ் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில், முன்பு கத்தோலிக்கக் குருவாயிருந்து பிரிந்துபோன ஒருவர் இரவுவரை அவர்களோடு தர்க்கித்தார். வாதம் சூடேறிக் காலையில் சிறையில் போடுவேன் என்றார். விடியுமுன் முன்பின் தெரியாத இளைஞன் ஒருவன் வந்து, பனிக்குள்ளால் வழிகாட்டிப் பெருந்தெருவில் கொண்டுபோய் விட்டான். பாலன் பிறப்புத் திருநாள் அவர்களுக்கு அவ்வருடம் வழியிலேயே வந்து போயிற்று. 1537 ஜனவரி 8ஆம் திகதி, 54ஆம் நாள், வெனிசை அடைந்தார்கள். சேர்ந்தவுடன் சவேரியார் தீராநோயாளர் மருத்துவமனையில் புண்களைக் கழுவப் போனார். எந்த நோயின் புண்களைக் கண்டு பாரிசில் அஞ்சினாரோ, அந்த நோயாளரே அங்கு நிறைந்திருந்தனர். அவ்வருடம் ஜூன் 24ஆம் திகதி, புனித ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று, அங்கேயே குருப்பட்டம் பெற்றார்.

துருக்கியரோடு மூண்ட போரினால் அந்த ஆண்டு எருசலேமுக்கு யாத்திரைக் கப்பல் போகவில்லை. அவர்கள் பாப்பரசரிடம் போனார்கள். பாரிசிலிருந்த கூவேயா, பிரம்படி விதித்த அதே அதிபர், 1538இல் போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் யுவானுக்குக் கடிதம் எழுதி, இந்தியாவுக்குக் குருக்கள் வேண்டுமானால் என் பழைய மாணவரைக் கேளுங்கள் என்று சிபாரிசு செய்தார். மன்னன் கேட்டான். போகவிருந்த பொபதில்லா நோயுற்றதால் 1540இல் சவேரியார் கிளம்பினார். லிஸ்பனுக்குப் போகும் வழியில் தாயைப் பார்க்காமலே சொந்தக் கோட்டையைக் கடந்து போனார் என்ற கதையைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். தாயார் மரித்து அப்போது 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய துறவைக் காட்ட இந்தக் கதை தேவையே இல்லை.

1542 ஒக்டோபரில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இரு மொழியும் ஓரளவு அறிந்தோரைக் கூட்டி வைத்துச் செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, கைமணியடித்துச் சிறுவரைத் தெருவிலே கூட்டிப் படிப்பித்தார். ஞாயிறுகளில் ஊர் முழுவதையும் கூட்டினார். பாரிசின் கலை முதுவர் தமிழ் அரிச்சுவடியோடு போராடியதை எண்ணிப் பாருங்கள். மன்னார் மக்கள் வேதத்தில் சேர விரும்பிக் கேட்டபோது தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். அந்தப் புதுக் கிறிஸ்தவர்கள் 1544இல் யாழ்ப்பாண அரசனின் வாளுக்கு இரையானதை நாம் அறிவோம்.

அந்த ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி கொச்சியிலிருந்து றோமாபுரித் தோழருக்கு எழுதிய கடிதத்தில் அவர் நினைவு பாரிசுக்கு ஓடுகிறது. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துவிடுகிறது, இங்கே ஆளில்லாமல் ஆன்மாக்கள் இழக்கப்படுகின்றன. ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்கு, முக்கியமாகப் பாரிசுக்குப் போய், அன்பைவிட அறிவே மிகுந்திருக்கும் படிப்பாளிகள் நடுவே புத்தி பேதலித்தவனைப் போலக் கத்த வேண்டுமென்று தமக்குத் தோன்றுவதாக எழுதுகிறார். பதவிக்காகவே படிக்கிறார்கள் என்று அவர் வருந்துவது தாமே நடந்த வழியை அறிந்துதான். பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கே நேரில் எழுத எண்ணியதாகவும் அதிற் சொல்கிறார்.

1546 மே மாதம் மலுக்குத் தீவுகளில் அம்போனிலிருந்து எழுதிய கடிதம் இன்னொன்று. தோழர்கள் கைப்பட எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய பெயர்களை வெட்டியெடுத்து, தமது வார்த்தைப்பாட்டுப் பத்திரத்தோடு சேர்த்து எப்போதும் உடன் கொண்டு திரிவதாக அதில் அறிவித்தார். அக்கடிதம் றோமாபுரியை எட்டுமுன்னரே, ஓகஸ்ட் முதலாம் திகதி, அறைத்தோழர் ஃபேபர் அங்கு காலமாகிவிட்டார். சவேரியாரும் இஞ்ஞாசியாரும் 1622 மார்ச் 12ஆம் திகதி ஒரே நாளில் அர்ச்சியசிஷ்டர் பட்டம் பெற்றார்கள். ஃபேபருக்கு அது 2013இல்தான் கிடைத்தது.

1553 ஜூன் மாதம் இஞ்ஞாசியார் றோமாபுரியிலிருந்து சவேரியாருக்கு ஒரு கடிதம் எழுதி, ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி பணித்தார். சவேரியார் சான்சியன் தீவில் மரித்து அப்போது ஏறக்குறைய ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. செய்தி இன்னும் கடலிலே வந்துகொண்டிருந்தது.